மிளகு முதலில் என்ன சொன்னாள்?

ஜூன் 9

அண்ணிக்கு,

உங்கள் கல்லூரி முகவரிக்கு எழுதுகிறேன். வீட்டு முகவரி எனக்குத் தெரியாது. நீங்கள் ஊர் மாறிப் போனதையே எனக்குப் பேப்பர் போடுகிறவர்தான் சொன்னார். அண்ணன் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறான், நீங்களும் எடுப்பதில்லை. காகிதம் வந்தால் கையில் வாங்கித்தானே ஆகவேண்டும், அதனால் இது.

"நீங்கள்" என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஐந்து வருடம் ஒரே ஹாஸ்டல் அறையில், உங்கள் துணியை நானும் என் துணியை நீங்களும் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அண்ணி ஆனீர்கள். சரி, அண்ணியாகவே இருங்கள். இன்றைக்கு எனக்கிருக்கும் கோபத்தில் "டீ" போட்டால் அது கொஞ்சுவதுபோல் ஆகிவிடும்.

உங்கள் மகள் மிளகின் மேல்கையில் கன்றிப்போன தடம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. அன்று காலையில் நீங்கள் அவள் சட்டைக்கையைத் தூக்கிக் காட்டியபோது நானும் குனிந்து பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் வந்து கூட்டிப்போனபோது முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு சிரித்தபடி டாட்டா காட்டிவிட்டுத்தான் போனாள். எங்காவது இடித்துக்கொண்டிருப்பாள், பிள்ளைகள் இடித்துக்கொள்ளாமல் வளர்கிறதா என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், என் காப்பக வாசலில், பிள்ளைகளை விட வந்த அத்தனை பேர் முன்னாலும் கத்தினீர்களே: "உங்க பிள்ளைங்களையும் வீட்ல போய் கேட்டுப் பாருங்க, இவ என்ன பண்றான்னு!"

குழந்தை மனசைப் பற்றி வகுப்பெடுக்கிற பேராசிரியை, அதுவும் சொந்த அண்ணி சொல்கிறாள் என்றால் யார் நம்பமாட்டார்கள்? தினமும் ஒரு அம்மா வந்து, என் முகத்தைப் பார்க்காமல், பிள்ளையின் மாற்றுத்துணிப் பையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறாள்.

நான் அவளை அடிக்கவில்லை. அடிக்கவில்லை, அண்ணி. அந்தப் பெற்றோருக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும், விசாரிக்காமல் பேசிவிட்டேன் என்று. வேறொன்றும் கேட்கவில்லை. இது வரவில்லை என்றால் காப்பகத்தை மூட வேண்டியதுதான். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, வேறு வேலையும் தெரியாது, அது உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

—

ஜூன் 17

உன் கடிதம் துறை அலுவலகத்தில் நாலு மேசை சுற்றிவிட்டுத்தான் என் கைக்கு வந்தது. இனிமேல் எழுதினால் உறையை ஒழுங்காக ஒட்டு.

எழுதித் தரச் சொல்கிறாய். எதை எழுதட்டும்? என் மகள் பொய் சொல்கிறாள் என்றா?

மூன்றரை வயது. அவளாகச் சொன்னாள். நான் இரண்டு பொம்மையைக் கொடுத்து, "இது மிளகு, இது அத்தை, என்ன நடந்துச்சுன்னு காட்டு" என்றேன். பெரிய பொம்மையை எடுத்துச் சின்ன பொம்மையை அடித்துக் காட்டினாள். "அத்தை நீலக் கரண்டி எடுத்து டொப்புன்னு அடிச்சாங்க. அப்புறம் ஸ்டோர் ரூம்ல விட்டுக் கதவை சாத்திட்டாங்க. இருட்டா இருந்துச்சும்மா." இதே வார்த்தை. நேற்றும் இதையே சொன்னாள், போன வாரமும் இதையே சொன்னாள்.

நீயும் என்னோடு அதே பாடத்தைப் படித்தவள்தான். அந்த வயதில் ஒரு குழந்தை தப்பிக்கப் பொய் சொல்லும், ஒரு மிட்டாய்க்குப் பொய் சொல்லும். நடக்காத ஒன்றுக்கு நிறம், சத்தம், இருட்டு எல்லாம் சேர்த்துக் கதை கட்டிக்கொண்டு வந்து அழுமா? சொல்.

உனக்குக் கோபம் வரும் என்பதும் எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் ஒரு தடவை என் டம்ளரைச் சுவரில் எறிந்து உடைத்தவள் நீ.

—

ஜூன் 24

அண்ணி,

டம்ளரை எறிந்தேன், ஆமாம். அது எவர்சில்வர், உடையவில்லை, நெளிந்தது. பாருங்கள், உங்கள் ஞாபகமே இந்த லட்சணத்தில் இருக்கிறது.

என் காப்பகத்தில் ஸ்டோர் ரூம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? பாய், தலையணை அடுக்குகிற அலமாரிக்கு முன்னால் ஒரு திரை தொங்குகிறது. திரையை யாராவது சாத்த முடியுமா? நீலக் கரண்டியும் என்னிடம் கிடையாது. என் வீட்டில் இருப்பதெல்லாம் கைப்பிடி ஆடுகிற பழைய கரண்டிகள், எல்லாம் ஒரே நிறம், அழுக்கு நிறம்.

எத்தனை தடவை கேட்டீர்கள்? என்ன வார்த்தையில் கேட்டீர்கள்? "என்ன நடந்துச்சு" என்றா, "அத்தை அடிச்சாங்களா" என்றா? "நேற்றும் இதையே சொன்னாள்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நேற்றும் கேட்டீர்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்?

கடைசி வருடம் நாம் செய்த ப்ராஜெக்ட் மறந்துவிட்டதா? ஒரு நர்சரிக்கு வாரம் தவறாமல் போய், "அன்னிக்கு ஒரு மாமா நாயோட வந்தாரே, ஞாபகம் இருக்கா" என்று கேட்டோம். எந்த மாமாவும் வரவில்லை, எந்த நாயும் வரவில்லை. முதல் வாரம் அத்தனை பிள்ளைகளும் பேந்தப் பேந்த விழித்தன. மாதம் முடிவதற்குள் நாய்க்கு நிறம் வந்துவிட்டது, பெயர் வந்துவிட்டது. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், நாய் தன் காலைக் கடித்தது என்று அழுதாள். கேன்டீனில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தோம். நமக்குத்தான் முதல் பரிசு. அந்தக் கட்டுரையில், குழந்தை ஞாபகத்தைத் தேடி எடுப்பதில்லை, கிடைத்ததை வைத்துக் கட்டிக்கொள்கிறது என்று கொட்டை எழுத்தில் எழுதியது யார்? நீங்கள்தானே, புரொபசர்?

அதேபோல மிளகிடம் நடக்காத ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். என்னைப் பற்றிக் கேட்ட அதே மாதிரி, அதே அக்கறையோடு. அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

நாத்தனார்

—

ஜூலை 3

என் குழந்தை உன் ப்ராஜெக்ட் இல்லை.

அந்த நாயை எனக்கு ஞாபகப்படுத்த உனக்கு எப்படி மனசு வந்தது? அந்தப் பிள்ளைகளின் உடம்பில் தடம் இருந்ததா? என் மகள் கையில் இருந்தது. கன்றி, ஊதா நிறத்தில். தடவிக் கொடுத்தால் கையை இழுத்துக்கொண்டாள். அதையும் நான் கேட்டுக் கேட்டுத்தான் வரவழைத்தேனா?

ஆமாம், கேட்டேன். தினமும் தலை வாரிவிடும்போது கேட்டேன். எந்த அம்மா கேட்காமல் இருப்பாள்? முதலில் பயந்து வாயே திறக்கவில்லை. தைரியம் சொல்லித்தான் பேசவைத்தேன். "அம்மா இருக்கேன்ல, பயப்படாம சொல்லு" என்றேன். அது தப்பா? உனக்குப் பிள்ளை இல்லை. ஊர்ப் பிள்ளைகளைச் சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிடுகிறவளுக்கு இது புரியாது.

இப்போது உன்னைப்போல் மூக்குக்கண்ணாடி போட்ட எந்தப் பெண்ணிடமும் அவள் போவதில்லை. புதுப் பள்ளியில் ஒரு டீச்சர் கண்ணாடி போட்டிருக்கிறார். மிளகு வகுப்பில் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாளாம். உன் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு உன் பேரையே எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

உன் காப்பகத்தைப் பற்றி அதிகாரிகளுக்குப் புகார் போயிருக்கிறதாமே, அதை எழுதியது நான் இல்லை. வேறு யாரோ. அதை மட்டும் தெரிந்துகொள்.

—

ஜூலை 28

அண்ணிக்கு,

பிள்ளை இல்லாதவள் என்று எழுதிவிட்டீர்கள். எப்போதாவது ஒருநாள் இது வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வந்துவிட்டது, நல்லது.

காப்பகத்தை மூடியாயிற்று. அதிகாரி நல்ல மனுஷர், குரலை உயர்த்தவே இல்லை. ஜன்னல் கம்பி, குடிதண்ணீர், தரை எல்லாம் பார்த்தார். மிச்சமிருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, "அத்தை அடிப்பாங்களா?" என்று கேட்டார். எப்போதும் தலையில் தொப்பியோடு அலைவானே, நர்ஸ் மகன், அவன் எழுந்து நின்று சொன்னான்: "மிளகுவை நீலக் கரண்டியால அடிச்சாங்க. நான் பாத்தேன்." அந்த வாரம் முழுக்க அவன் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தவன். அவன் அம்மாவுக்கே இது தெரியும். தெரிந்தும் அவள் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நீலக் கரண்டி என்ற பேச்சு உங்கள் வாயிலிருந்து ஒரு அம்மாவுக்குப் போய், அவளிடமிருந்து இந்த நர்ஸுக்கு வந்து, இவள் தன் மகனைக் கேட்டிருக்கிறாள். அவனும் கதையைக் கட்டிக்கொடுத்துவிட்டான், பாவம், நல்ல புத்திசாலிப் பையன்.

உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்களாம். சின்ன நாற்காலிகளை முடிவெட்டும் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். ஏணி, சறுக்கு எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரன் தூக்கிப்போனான். வாசலில் அவன் எடை போட்டதை எதிர்வீட்டுக்காரர்கள் மாடியில் நின்று பார்த்தார்கள். ஒருத்தரும் கீழே இறங்கி வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் கரண்டி எங்கிருந்து வந்தது? பிள்ளைகள் காற்றிலிருந்து எதையும் எடுப்பதில்லை. கையெட்டும் தூரத்தில் இருப்பதைத்தான் எடுக்கும்.

—

ஆகஸ்ட் 19

வாயாடிக்கு,

ஹாஸ்டலில் உனக்கு வைத்த இந்தப் பெயரை ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

பொம்மைகளோடு விளையாட்டுச் சாமான் பெட்டியையும் அவள் முன்னால் வைத்திருந்தேன். "எதால அடிச்சாங்கன்னு இதுல காட்டு" என்று கேட்டேன். அதில் ஒரு சின்ன அடுப்பு, ஒரு வாணலி, ஒரு பிளாஸ்டிக் கரண்டி இருந்தன. கரண்டி நீலம்.

நீ சொன்னதைச் செய்து பார்த்தேன். உன்னைப் பொய்யாக்கத்தான் செய்தேன், மறைக்க விரும்பவில்லை. தலை வாரும்போது, "நீ ஒரு தடவை ரயில் ஸ்டேஷன்ல தொலைஞ்சு போயிட்டியே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். "இல்ல" என்றாள். அடுத்த நாள் "இல்லம்மா" என்று சலித்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அப்புறம் ஒருநாள் அவளே, "ரயில் பெருசா இருந்துச்சா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. "போலீஸ் மாமா பிஸ்கட் குடுத்தாரு. நான் க்ரீமை மட்டும் நக்கிட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள். "நீ ஏம்மா என்னைத் தேடி வரல?"

நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "அப்படி ஒண்ணும் நடக்கலடா, அம்மா சும்மா சொன்னேன்" என்றேன். என்னைப் பிடித்துத் தள்ளினாள். "நடந்துச்சு! உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ அங்க இல்ல!"

இப்போது ரயில் சத்தம் கேட்டாலே என் சேலையைப் பிடித்துக்கொள்கிறாள். ஒரு பயம் போதாதென்று இன்னொன்றையும் என் கையாலேயே கொடுத்திருக்கிறேன்.

ஆனால் இதனாலேயே நீ அடிக்கவில்லை என்று ஆகிவிடாது. என்னால் அதைத்தான் தாங்கமுடியவில்லை. கரண்டியைச் சொல்லும்போதும், ரயிலைச் சொல்லும்போதும் ஒரே குரல், ஒரே அழுகை. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று என்னால் பிரிக்க முடியவில்லை. உன் அண்ணனிடம்கூட, "அன்னிக்கு வண்டியில வரும்போது எங்கயாவது இடிச்சுக்கிட்டாளா?" என்று கேட்டேன். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "எனக்கென்ன தெரியும், உன் ஃப்ரெண்டைக் கேளு" என்றார்.

பெற்றோருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று எனக்கும் தெரிகிறது. அடுத்த மாதம் போலீஸ்காரர்களுக்கும் குழந்தைகள் நலத்துறை ஆட்களுக்கும் நான் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கிறது. தலைப்பு என்ன தெரியுமா? குழந்தைகளிடம் எப்படிக் கேள்வி கேட்பது. கையேட்டில் என் பெயர் அச்சாகிவிட்டது. இந்த நேரத்தில் நானே தப்பாகக் கேட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் என்னவாகும்? கொஞ்சம் டைம் கொடு.

—

ஆகஸ்ட் 26

டைமா?

உனக்கு எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள். எனக்கு ஏராளமாக இருக்கிறது. காலையில் எழுந்தால் துடைக்க ஒரு மூக்கில்லை, கட்டிவிட ஒரு ஷூ இல்லை. ஹாலில் பிள்ளைகள் மெழுகுப் பென்சிலால் கோடு போட்ட சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்று ஒரு துணிக்கடையில் வேலை கேட்டுப் போனேன். முதலாளியம்மா என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கதானே அந்தக் காப்பகத்து..." என்று இழுத்தாள். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன் கையேட்டைக் காப்பாற்று. கைதட்டல் வாங்கு. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும், அதைச் சுற்றி வளைக்காமல் எழுது.

முதல் தடவை கேட்டபோது மிளகு என்ன சொன்னாள்? பொம்மை வருவதற்கு முன்னால், அம்மா இருக்கேன் பயப்படாதே என்பதற்கெல்லாம் முன்னால். அந்தத் தடத்தை முதன்முதலில் பார்த்து நீ வாயைத் திறந்தபோது அவள் வாயிலிருந்து வந்தது என்ன?

ஏனென்றால் அந்தத் தடம் நிஜம்டி. நான் அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் அது எப்படியோ வந்திருக்கிறது. அதைத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். நீ போய் அந்த ஞாபகத்தின்மேல் என்னை வைத்து வீடு கட்டிவிட்டாய்.

—

செப்டம்பர் 5

வாயாடி,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து யோசிக்கிறேன். குளியலறையில் துண்டால் துடைக்கும்போதுதான் தடத்தைப் பார்த்தேன். பார்த்ததும், "யாரு அடிச்சா?" என்று கேட்டேன். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, யாரு அடிச்சா என்று கேட்டேன். அவள் ஏதோ சொன்னாள். நான் உடனே, "அத்தை வீட்லயா?" என்றேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நடுவில் அவள் சொன்ன அந்த வார்த்தை மட்டும் இல்லை.

நேற்றுவரைக்கும் "தெரியல" என்றுதான் சொன்னாள் என்று நினைத்தேன். இன்று காலை, "கதவு" என்று சொன்னமாதிரி இருக்கிறது. கார்க் கதவா? அவள் சொல்லிய ஸ்டோர் ரூம் கதவு அங்கிருந்து வந்ததா? இல்லை, நீ கேட்டதால் என் மூளை ஒரு பதிலைத் தயார் செய்கிறதா? நடுவில் ஒரு தடவை "அப்பா" என்றுகூடக் கேட்டது. உடனே அதைத் தள்ளிவிட்டேன். மூன்றரை வயதுக்காரிக்கு நடந்தது எனக்கும் நடக்கிறது. என் தலைக்குள் இருப்பதை நானே நம்பமுடியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

பெற்றோருக்கான கடிதத்தை எழுதிவிட்டேன். பயிற்சியும் கையேடும் எப்படியோ போகட்டும். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுவருகிறேன். உன் அண்ணனே வண்டி ஓட்டிக்கொண்டு வருவதாகச் சொல்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. மிளகுக்கும் தினமும் சொல்லிக்கொடுக்கிறேன், அத்தை உன்னை அடிக்கல, அத்தை நல்லவங்க என்று. திருப்பிச் சொல்கிறாள்.

—

செப்டம்பர் 16

புரொபசருக்கு,

நேற்று நீங்கள் வந்து போனதில் உனக்குத் தெரியாத பகுதியை எழுதுகிறேன். கடிதத்தை நகலெடுக்க நீ முக்குக் கடைக்குப் போயிருந்தாயே, அந்த நேரம்.

வந்ததும் உன் கையைப் பிடித்துக்கொண்டு மிளகு ஒப்பித்ததை நீயும் பார்த்தாய். "அத்தை நீங்க என்னை அடிக்கல அத்தை நீங்க நல்லவங்க." ரைம்ஸ் சொல்கிற அதே ராகம். சொல்லும்போது இன்னொரு கையால் அந்த மேல்கையை மூடிக்கொண்டிருந்தாள். அதை நீ பார்த்தாயோ இல்லையோ.

நீ வெளியே போனதும் அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஹாலில் அவளைவிட்டுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன், அதனால் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் சுவரில் இருந்த கோட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை, நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஏன்டா கண்ணு?"

"அடிச்சீங்கல்ல. தண்ணி கொட்டினேன்ல, அதுக்கா? இல்ல, ஷூவை மாத்திப் போட்டேனே, அதுக்கா? பெரியவங்க சும்மா அடிக்க மாட்டாங்கல்ல?"

நீ அவளுக்கு அடி விழுந்த கதையை மட்டும்தான் கொடுத்தாய். ஏன் அடி விழுந்தது என்பதை அவளே இத்தனை மாதமாக உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒவ்வொரு தப்பாக எடுத்துப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாம் இரண்டு பேரும் படித்த படிப்பில் இது எந்தப் பக்கத்தில் இருந்தது, சொல்லு?

நான் அடிக்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்குத்தானே ஜூன் மாதத்திலிருந்து உன்னோடு மல்லுக்கட்டினேன். ஆனால் அப்படிச் சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும்? அம்மா ஒன்றைச் சொன்னாள், பிறகு அம்மாவே அதை மாற்றினாள், அத்தையும் மாற்றுகிறாள், தன் தலைக்குள் இருப்பது மட்டும் மாறமாட்டேன் என்கிறது. அவள் தன் தலையையே நம்பாமல் போய்விடுவாள். தண்ணீரும் ஷூவும் மட்டும் மனசில் தங்கிவிடும்.

"நீ ஒரு தப்பும் பண்ணலடா," என்றேன். "அத்தைக்கு அன்னிக்குத் தலைவலி. கோவத்துல அடிச்சுட்டேன். தப்பு அத்தையோடது. மன்னிச்சுக்கோ."

"அப்ப தண்ணி கொட்டினது?"

"அது சும்மா தண்ணி. தொடைச்சா போயிடும்."

"இனிமே அடிக்காதீங்க."

"அடிக்கமாட்டேன்."

அவள் தோள் இறங்கியது. என் மடிக்கு ஒன்றும் வந்துவிடவில்லை, அப்படியெல்லாம் நடக்கவில்லை. ஆனால் மேல்கையிலிருந்து கையை எடுத்தாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தால் அண்ணன் கதவருகில் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே" என்றான். அவன் பொய் சொல்லும்போது எப்படி இருப்பான் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். நேற்று அவன் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. தங்கை ஒரு குழந்தையை அடித்ததாக ஒப்புக்கொண்டால் அண்ணனுக்குக் கோபம் வரவேண்டும், வெட்கம் வரவேண்டும். நிம்மதி ஏன் வரவேண்டும்?

இதற்குமேல் எதுவும் சொல்லமாட்டேன். நான் பார்க்கவில்லை, எனக்குத் தெரியாது. நீ எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்யமாட்டேன். நீயும் மிளகிடம் ஒரு வார்த்தை கேட்காதே. அவளிடம் இனி எடுக்க எதுவும் இல்லை.

நீ எடுத்துவந்த நகல்கள் மேசைமேல் அப்படியே இருக்கின்றன. நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. அவள் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டு வெளியில் போய் நான் அடிக்கவில்லை என்று விநியோகம் செய்ய முடியாது. அது ஒருநாள் அவள் காதுக்குப் போகும்.

—

செப்டம்பர் 29

வாயாடி,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. துறைக் கழிவறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன்.

அன்று திரும்பிவரும்போது வண்டியிலேயே அவர் சொல்லிவிட்டார். "பாத்தியா, அவளே ஒத்துக்கிட்டா. என் காதால கேட்டேன். நீதான் தேவையில்லாம குழம்பிக்கிட்டு என்னைப்போய்க் கேட்டே." நான் நம்பினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன், மிளகு பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் கடிதம் எழுதவைத்து, கையெழுத்துப் போடவைத்து, கடைசியில் என்னை எப்படி முட்டாளாக்கிவிட்டாள் பார் என்றேன். வீட்டுக்கு வந்து அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டேன்.

உன் கடிதம் வரும்வரைக்கும் நான் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்று உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். அவ்வளவு நன்றாகத் தூங்கினேன். பயிற்சி வகுப்பை எடுத்தேன். ஒரு குழந்தையிடம் ஒரு தடவைதான் கேட்கவேண்டும், பதிலை நாம் எடுத்துக் கொடுக்கக்கூடாது என்று குரல் நடுங்காமல் சொன்னேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். நீ சொன்னமாதிரியேதான்.

மிளகு இப்போது பள்ளியில் மேசைக்கடியில் போவதில்லை. பொம்மைகளை வரிசையாகப் படுக்கவைத்து, "சத்தம் போடாதீங்க, அத்தைக்குத் தலைவலி" என்று தட்டிக்கொடுக்கிறாள்.

உன்னிடம் என்ன கேட்டு என்ன ஆகப்போகிறது? மன்னிப்புக் கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், அதுதான் எனக்குப் பயம். கேட்கவில்லை.

மிளகைச் சாயங்காலம் பள்ளியிலிருந்து கூட்டிவருவது அவர் வேலை என்று உனக்குத் தெரியும். நேற்றுச் சாப்பிடும்போது, "திங்கட்கிழமையிலிருந்து அவளை நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்றேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏன்?" என்றார். மறுபடி கேட்பாரா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டாவது தடவை கேட்கவே இல்லை.